மெயினை அணைத்தவர்கள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு இரும்பு உருக்காலைக்கு நாங்கள் ஒரு மென்பொருள் செய்து கொடுத்தோம். பாதுகாப்புப் பயிற்சிக்கு. அதற்கு முன்பு அந்த ஆலையின் பாதுகாப்பு அதிகாரி தொழிலாளர்களை ஒரு ஷெட்டில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசுவாராம். அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்களாம். கடைசியில் நோட்டில் ஒரு கையெழுத்து. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. எங்கள் முதலாளி போய், இதையெல்லாம் விளையாட்டு மாதிரி செய்து தருகிறோம், திரையில் கிரேன் வரும், நெருப்பு வரும், தப்பான பட்டனை அழுத்தினால் பொம்மை ஆள் விழுந்து சாவான் என்று பிலிம் காட்டிவிட்டு வந்தார். ஆலைக்காரர்கள் மயங்கிவிட்டார்கள். உண்மை ஆள் விழுந்தால் எழுத வேண்டிய காகிதம் எவ்வளவு என்று தெரிந்தவர்கள், பொம்மை ஆள் விழுவதை அவ்வளவு ரசித்தார்கள்.

செய்தது நான். எனக்குக் கவரைப்பேட்டை. ஆலை அடுத்த ஸ்டேஷன். நான் தினமும் எதிர்த்திசையில் ரயில் ஏறி, சென்னையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, என் வீட்டுக்கு அடுத்த ஸ்டேஷனில் இருப்பவர்களுக்காக மென்பொருள் எழுதினேன். இதில் உள்ள கிறுக்குத்தனத்தை எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் விளக்க முடியாது. அவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி என்றால் ஆந்திரா.

அந்த மென்பொருளில் பேசும் குரலும் என்னுடையதுதான். வேறு ஆள் தேட முதலாளிக்குச் சோம்பல். "நீதான் நல்லா தமிழ் பேசுறியே" என்றார். வீட்டில் நான் பேசும் தமிழை அவர் கேட்டதில்லை. மைக்கின் முன்னால் உட்கார்ந்து, வானொலிக்காரி மாதிரி, 'தலைக்கவசம் அணியுங்கள்', 'தொங்கும் சுமையின் கீழே நிற்காதீர்கள்' என்று பேசிப் பதிவு செய்தேன். எனக்கே என்னைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

இப்படிப்பட்ட மென்பொருளை நாங்கள் ஓட்டிப் பார்ப்பது எடிட்டர் என்ற ஒன்றுக்குள். அது எங்கள் அடுப்படி. உப்பு போதவில்லையா, போட்டுக்கொள்ளலாம். கீழே சிந்தியதா, துடைத்துக்கொள்ளலாம். எல்லாம் முடிந்த பிறகு வாடிக்கையாளருக்குக் கட்டிக் கொடுப்பது பிளேயர். அதைத் திறந்தால் விளையாட்டு ஓடும், அவ்வளவுதான். இரண்டும் ஒன்று போலத்தான் நடந்துகொள்ளும் என்று உலகத்தில் உள்ள எல்லாப் புரோகிராமர்களும் நம்புகிறோம். வேறு எதையும் நம்பாதவர்கள்கூட இதை நம்புவார்கள்.

ஆலையில் இருந்து முதல் போன் வந்தபோது நானும் அந்த நம்பிக்கையில்தான் இருந்தேன். பாதுகாப்பு அதிகாரி பேசினார். பயிற்சி முடிந்ததும் யார் யார் தேர்ச்சி என்று ஒரு கோப்பில் பதிவாக வேண்டும். அதை வாரக் கடைசியில் அவர் பென் டிரைவில் எடுத்துப் போவார். கோப்பு காலியாக இருக்கிறது என்றார்.

"என் சிஸ்டத்துல சேவ் ஆகுதே சார்" என்றேன்.

"அப்போ உங்க சிஸ்டத்தை இங்க அனுப்பிடுங்க மேடம்" என்றார். அந்த மனிதரோடு பழகிய நாட்களில் அவர் சொன்ன ஒரே நல்ல ஜோக் அது.

போய்ப் பார்த்தேன். என் கணினியில் எடிட்டருக்குள் ஓடும்போது, என் சொந்த ஃபோல்டரிலேயே கோப்பு விழுந்துகொண்டிருந்தது. ஆலையில் பிளேயரை விண்டோஸ் யாரையும் எழுதவிடாத இடத்தில் போட்டு வைத்திருந்தார்கள். எழுதப் போன என் மென்பொருளை விண்டோஸ் வாசலிலேயே தடுத்துவிட்டது. அது ஒரு பிழைச் செய்தியாவது காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. ஏனென்றால், பிழை வந்தால் வாயை மூடிக்கொண்டு மேலே போ என்று நானே எழுதி வைத்திருந்தேன். முதலாளிக்கு டெமோ காட்டும்போது திரையில் அசிங்கமாக எதுவும் வரக்கூடாது என்று செய்த ஏற்பாடு அது. சேமிக்கும் இடத்தை மாற்றினேன். அதிகாரியை உட்கார வைத்துப் பயிற்சித் தேர்வை ஒருமுறை எழுதச் சொன்னேன். பதிவானது. அவர் கை கொடுத்தார். அடுத்த ரயிலில் வீட்டுக்குப் போய்விட்டேன். பெரிய மேதை என்று நினைப்பு.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அழைத்தார். இந்த முறை குரலில் குதூகலம்.

"மேடம், உங்க சாப்ட்வேர் சூப்பர். ஒரு உண்மையை வெளியே கொண்டு வந்துடுச்சு."

உண்மை இதுதான்: ஆலை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேருடைய பயிற்சியும் பதிவாகியிருக்கிறது. ஷாப் ஃப்ளோரில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருபத்து மூன்று பேருடையது ஒன்றுகூட இல்லை. ஆனால் இருபத்து மூன்று பேரும் எழுதிவிட்டோம், திரையில் பச்சையாகத் தேர்ச்சி காட்டியது என்று சாதிக்கிறார்கள். "பயிற்சின்னு லைன்ல சொல்லிட்டு வந்து, டீக்கடைக்குப் போயிடறாங்க. எனக்கு எப்பவோ தெரியும். ப்ரூஃப்தான் இல்ல."

என் மென்பொருள் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தொடங்கிய நேரம் ஒரு வரி, முடிந்த நேரம் ஒரு வரி என்று தனியாக ஒரு குறிப்பு எழுதும். அதை அனுப்பச் சொன்னேன். பார்த்தால், ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்த நேரங்களில் எல்லாம் தொடங்கிய வரி இருக்கிறது, முடிந்த வரி இல்லை.

"பாதியிலேயே எழுந்து போயிடறாங்க சார்" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவரிடமாவது பேசினேனா? இல்லை. அலுவலகத்து ஆட்கள் ஒழுங்கு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று அதிகாரி சொன்னது அந்தப் பதிவோடு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. இத்தனைக்கும் என் பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் இதே தொழிற்பேட்டையில் ஒப்பந்தத்தில்தான் வேலை செய்கிறார்கள். அவர்கள் வீட்டில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுகிறவள் நான்.

அதிகாரி மறுநாள் காலையிலேயே வேலையைக் காட்டிவிட்டார். அந்த ஆலையில் ஷிஃப்ட் தொடங்கும் முன் எல்லோரும் கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பாதுகாப்பு உறுதிமொழி, பிறகு அதிகாரியின் பேச்சு. அந்தக் கூட்டத்தில், 'கம்ப்யூட்டர் கம்பெனியே சொல்லிவிட்டது, நீங்கள் எல்லாம் பொய் சொல்லுகிறீர்கள்' என்று அறிவித்தார். அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் பதிவு இல்லாதவர்களுக்கு கேட் பாஸ் புதுப்பிக்கப்படாது என்றார். கேட் பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை.

எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு அக்கா மட்டும் வாயைத் திறந்தாராம். கிரேனுக்குக் கீழே நின்று கையால் சைகை காட்டும் வேலை அவருக்கு. சுமை எங்கே இறங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று மேலே இருக்கும் ஆபரேட்டருக்கு அவர் கைதான் சொல்லும். ஆறு வருடமாக அந்த வேலை. "நா ரெண்டு தபா எழுதிக்கீறேன் சார். ரெண்டு தபாவும் நூத்துக்கு நூறு" என்றிருக்கிறார். அதிகாரி அவர் பக்கம் கையை நீட்டி, "இதோ, பொய்க்காரிங்களுக்குத் தலைவி" என்று சொல்ல, முன்வரிசையில் நின்ற சூப்பர்வைசர்கள் சிரித்திருக்கிறார்கள். இதையெல்லாம் அதிகாரியே என்னிடம் போனில் பெருமையாகச் சொன்னார். "புதன்கிழமை நீங்க வாங்க. அவளை உங்க முன்னாடியே உட்கார வைக்கிறேன். கையும் களவுமா பிடிச்சுடலாம்."

நான் திருடியைப் பிடிக்கப் போனேன். என்ன ஒரு பந்தா! கழுத்தில் விசிட்டர் அட்டை, தலையில் வெள்ளை ஹெல்மெட்.

பயிற்சி அறை என்பது ஸ்டோர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. ஒரு கணினி, ஒரு நாற்காலி, சுவரில் பெரிய மெயின் சுவிட்ச். கரண்ட் போனால் தாங்குவதற்கு யூ.பி.எஸ். ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை மேனேஜர் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அங்கே தண்ணீர் சூடாக்கும் கெட்டிலுக்கு. இந்த நாட்டில் யூ.பி.எஸ். எங்கே போய்ச் சேரும் என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

அதிகாரி அனுப்பி, அக்கா தனியாக வந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டைக்கு மேலே ஆரஞ்சு ஜாக்கெட். என்னைப் பார்த்தார்.

"நீதான் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியா?"

"ஆமாங்க."

"நாங்கோ பாதில ஓடிட்டோம்னு சொன்னது?"

நான் கணினியைக் காட்டினேன். அவர் முதலில் போய் மெயினைப் போட்டார். கணினி உயிர் பெற்று, மென்பொருள் தானாகத் திறந்தது. உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று, எப்போது ஏமாற்றப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஏமாற்றவில்லை. சொல்லப்போனால் என் மென்பொருளைத்தான் திருத்தினார். ஓர் இடத்தில் திரையில் கிரேனை நிறுத்தச் சொல்லும் சைகை வந்தது. "இந்தச் சைகை தப்பு. இப்டி காட்டினா மேல கீறவன் இறக்கிடுவான். ஆனா சரின்னு கொடுத்தாதான் மார்க்கு. அதுக்கோசரம் சரின்னு கொடுக்கறேன்" என்றார். எதையோ பார்த்து நான் வரைந்த சைகை. ஆறு வருடமாக அதே வேலையைக் கையால் செய்பவருக்கு என் படம் தேர்வு வைத்துக்கொண்டிருந்தது.

கடைசி கேள்வியும் முடிந்தது. திரை பச்சையானது. நூற்றுக்கு நூறு. பிறகு என் குரல் வந்தது, அந்த வானொலிக் குரல்: 'பணி முடிந்ததா? இடத்தை விட்டு நகரும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். அணைத்த பிறகே செல்லுங்கள்.'

அக்கா எழுந்தார். இரண்டு அடி நடந்தார். மெயினை அணைத்தார்.

கணினி பட்டென்று இருண்டது.

"யக்கா! இன்னா பண்ற நீ!" என்று கத்திவிட்டேன். என் வீட்டுத் தமிழ் அப்படியே வெளியே வந்துவிட்டது.

"இன்னா பண்ணேன்? மெயின ஆஃப் பண்ணேன். இப்பதான் அந்தப் பொம்பள சொல்லிச்சு, காதுல உழல?" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "இரு. அது உன் குரலாச்சே."

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. மதிப்பெண்களை எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டிருந்து, மென்பொருளை மூடும்போதுதான் கோப்பில் எழுதும்படி நான் செய்திருந்தேன். எடிட்டரில் நான் எப்போதும் நிறுத்து என்ற பட்டனை அழுத்தித்தான் வெளியே வருவேன். ஒவ்வொரு முறையும் சேமிக்கும். அலுவலகத்து ஆட்கள் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடுவார்கள். அப்போதும் சேமிக்கும். மெயினை அணைத்தால் மூடுவது என்ற ஒன்றே நடக்காது. மூச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். குறிப்பில் முடிந்த வரி இல்லாததற்கும் இதுதான் காரணம்.

ஆலையில் யாரும் எந்த இயந்திரத்தையும் ஓடவிட்டுவிட்டுப் போகக்கூடாது. கடைசியாகத் தொட்டவர் மெயினை அணைக்க வேண்டும். அதை அவர்கள் கை மறந்தால் யாராவது ஒருவருடைய கை போகும். இருபத்து மூன்று பேரும் அதைச் செய்திருக்கிறார்கள். அலுவலகத்து ஆட்கள் ஒருவர்கூட என் குரல் சொன்னதைக் கேட்கவில்லை. பாடத்தைக் காதில் வாங்காமல் போனவர்களை எல்லாம் தேர்ச்சி என்று எழுதி வைத்துவிட்டு, பாடத்தைச் செய்து காட்டியவர்களின் பெயரை என் மென்பொருள் அழித்துக்கொண்டிருந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவருக்குக் கோப்பு, நினைவகம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அப்போ தப்பு உன்துதானே?"

"ஆமாக்கா."

"சரி. போய் அவராண்ட சொல்லு."

போய்ச் சொன்னேன். அதிகாரி நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அப்போ ஷட் டவுன் பண்ணத் தெரியாதவங்க இவங்கதானே? தப்பு அவங்க மேலதான் வருது" என்றார். மனிதர் எந்தப் பக்கம் தள்ளினாலும் அதே பக்கம்தான் விழுவார். முதலாளிக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்கக்கூட இல்லை. "யூசர் எரர்னு ரிப்போர்ட் அனுப்பிடு. இம்ப்ராப்பர் ஷட் டவுன். பேஜாரு பண்ணாத" என்றார். இருவரும் அதிகம் பேசிக்கொண்டதுகூடக் கிடையாது. ஆனால் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் போல இருந்தார்கள்.

அன்று மாலையே திருத்தினேன். ஒவ்வொரு பதிலுக்கும் உடனுக்குடன் கோப்பில் எழுதுவது. பன்னிரண்டு வரிகள்தான். முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய பன்னிரண்டு வரிகள். வியாழக்கிழமை ஆலைக்குப் போய், பிளேயரில், அந்த அறையில், ஆறாவது கேள்வியில் நானே மெயினை அணைத்தேன். மறுபடி போட்டுப் பார்த்தால் ஐந்து பதில்களும் கோப்பில் இருந்தன. முடிவில் அணைத்தேன். அதுவும் இருந்தது. அக்கா சொன்ன சைகையையும் மாற்றியிருந்தேன்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து மறுபடி எழுதத் தொடங்கினார்கள். முறைத்தார்கள், முணுமுணுத்தார்கள், எழுதிவிட்டுப் போனார்கள். பதிவானது. அக்கா வரவில்லை. நானே ஷெட்டுக்குள் தேடிப் போனேன்.

"வாக்கா, பத்து நிமிஷம். இப்போ கண்டிப்பா பதிவாகும்."

"எழுதறதுக்கு இன்னா, எழுதலாம். அந்த ஆளு எல்லாரையும் நிக்க வெச்சு என்னைப் பொய்க்காரின்னாரு. எல்லாரையும் நிக்க வெச்சு இல்லன்னு சொல்லட்டும். அப்பால எழுதறேன்."

"அவரு சொல்லமாட்டாருக்கா. சனிக்கிழமை பாஸ் போயிடும்."

"போவட்டும்" என்றார். "ஆறு வருசம் என் கையைப் பாத்துதான் மேல கீறவன் லோடு இறக்குறான். இப்போ கீழ நின்னு கை காட்டினா சிரிக்கிறானுங்கோ. பொய்க்காரி கை காட்டுதுன்றானுங்கோ. என் கையை நம்பாம ஒருத்தன் லோடு இறக்கினா, அது என் தலை மேலதான் வரும், தெரிமா?"

மூன்று முறை முழு மதிப்பெண் வாங்கியவர், என் ஒற்றை வாக்கியத்தால் பொய்க்காரி ஆனவர், வேலையே போகட்டும் என்று நிற்கிறார். அதிகாரியிடம் போய், நாளைக் காலைக் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். "சொல்லிடலாம் மேடம், அதுக்கென்ன" என்றார். அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது. அதனால்தான் வெள்ளிக்கிழமை காலை நானும் போய் வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

உறுதிமொழி முடிந்தது. அதிகாரி தொண்டையைச் செருமினார். "சிஸ்டத்துல ஒரு சின்ன டெக்னிகல் இஷ்யூ இருந்துச்சு. சரி பண்ணியாச்சு. எழுதாதவங்க எல்லாம் இன்னைக்கே எழுதிடணும். ஓகே? எல்லாரும் வேலையைப் பாருங்க."

அவ்வளவுதான். பூசி மெழுகுவதை அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். யார் எழுதாதவர்கள்? எல்லோரும் எழுதியவர்கள்தானே? வரிசை கலையத் தொடங்கியது. அக்கா நகரவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை, கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் முன்னால் போனேன். அதிகாரி என் முழங்கையைத் தொட்டு, "மேடம், வேண்டாம், டைம் ஆகுது" என்றார். மைக் எதுவும் கிடையாது. அவ்வளவு முகங்களைப் பார்த்ததும் என் வாயில் வந்தது ரிப்போர்ட் தமிழ்தான்.

"பயிற்சிகள் பதிவாகாமல் போனதற்கு மென்பொருளில் இருந்த குறைபாடே காரணம்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. யாரும் திரும்பவில்லை.

"இன்னாமா சொல்ற?" என்றார் அக்கா. இப்போது என்னைப் பார்த்தார். "பின்னாடி நிக்கறவங்களுக்கு ஒண்ணும் கேக்கல. புரியற மாதிரி சொல்லு."

போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சூப்பர்வைசர்களும் நின்றார்கள்.

"நீங்கோ பாதில எழுந்து போய்ட்டீங்கன்னு சாராண்ட சொன்னது நாந்தான்" என்று கத்தினேன். "யாரும் போவல. எல்லாரும் முழுசா எழுதிக்கீறீங்கோ. இந்த அக்கா மூணு தபா எழுதிச்சு, மூணு தபாவும் நூத்துக்கு நூறு. நா செஞ்சது தப்பு, நா சொன்னது பொய்."

அதிகாரி செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். கூட்டத்தில் ஒருவரும் கை தட்டவில்லை, ஒருவரும் என்னைத் திட்டவும் இல்லை. பின்வரிசையில் யாரோ ஒருவர் மட்டும், "இத போன வாரமே கேட்டிருக்கலாமே எங்களாண்ட" என்றார். அக்கா ஹெல்மெட்டின் பட்டையைத் தாடைக்குக் கீழே இறுக்கிக்கொண்டு, என்னைத் தாண்டி, பயிற்சி அறைப் பக்கம் நடந்தார்.